அச்சடித்த ஸ்பினல் மாதிரிப் பெட்டி: ஹட்டன் பட்டறையிலிருந்து ஒரு மதிப்புரை

மோதிரத்தில் பதிக்க ஸ்பினல் கல் தேடுகிறவர்களுக்கு இந்தப் பெட்டியால் எந்தப் பயனும் இல்லை. அவர்கள் வழக்கம்போல கல் சந்தை கூடும் இரத்தினபுரிக்கோ பேருவளைக்கோ பஸ் ஏறலாம். கருவிகளுக்கு வில்லையும் ஜன்னலும் செய்கிறவர்கள், பல்கலைக்கழகத்தில் ஒளியியல் படிக்கிறவர்கள், கல்லைச் சோதித்து வாங்கி விற்கிறவர்கள் ஆகிய மூன்று தரப்பாரும் மேலே படியுங்கள். மூன்றாம் தரப்பார் கொஞ்சம் நிதானமாகவே படிப்பது நல்லது.

பெட்டிக்குள் மூன்று துண்டுகள் இருக்கின்றன. மூன்றும் மக்னீசியமும் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த ஒரே பொருள்; நாம் ஸ்பினல் என்று காலங்காலமாக வெட்டி வருகிற அதே பொருள். ஆனால் இவை ஆற்றங்கரை இல்லத்தை, அதாவது கல் கிடக்கும் சரளை மண்ணை, தோண்டிக் கழுவி எடுத்தவை அல்ல. சுவாலையில் உருக்கி வளர்த்த செயற்கைக் கல்லும் அல்ல. நுண்ணிய தூளை ரெசினில் குழைத்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அடுக்கடுக்காக அச்சடித்து, சூளையில் சுட்டு, ஊடே பார்க்கக்கூடிய செரமிக்காக ஆக்கப்பட்டவை. முதல் துண்டு, சுடுவதற்கு முந்திய நிலையிலேயே விட்ட வெள்ளை வட்டு. இரண்டாவது, சுட்டு இரு பக்கமும் மெருகேற்றிய வட்டு. மூன்றாவதுதான் விஷயமுள்ள துண்டு: கட்டைவிரல் நகத்தளவு குவிவில்லை ஒன்றும், அதைத் தாங்கும் குழலும் ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக அச்சடிக்கப்பட்டிருக்கின்றன. குழலின் சுவருக்குள் குளிரூட்டும் நீர் சுற்றி வருவதற்கு ஒரு மெல்லிய வழியும் வைத்திருக்கிறார்கள். இந்தத் துண்டைச் சுட்டிருக்கிறார்கள், மெருகேற்றவில்லை.

விற்ற நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கொஞ்சப் பேர். நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அவர்களுடைய குறையும் இல்லை, பொருளின் குணம். பெட்டியின் விலை, அனுப்புகூலி, தீர்வை எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல கைப்பேசியின் விலையைத் தொட்டது. பாதி என்னுடையது, பாதி பேராதனையில் பொறியியல் படிக்கும் என் தங்கை மகனுடையது. மருமகனின் பாதி இன்னும் வந்து சேரவில்லை என்பதையும் இந்த இடத்தில் பதிந்து வைக்கிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அப்பா பொகவந்தலாவையில் தோட்ட வேலை முடிந்த கையோடு மாணிக்கக்கல் குழிகளில் மண் கழுவப் போனவர். அவர் கழுவிய கல்லை வெட்டத் தெரிந்தவன் வீட்டில் இல்லையே என்ற ஆத்திரத்தில் நான் கண்டிக்குப் போய்த் தொழில் பழகினேன். இப்போது ஹட்டனில் ஒரு கடையின் மாடியில் பட்டறை. நீலம், புஷ்பராகம், ஸ்பினல் என்று கையில் வருவதை வெட்டுகிறேன். கல்லை ஒளி எப்படிக் கடந்து போகிறது என்பதைப் பார்த்துத்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆகவே, "மாமா, அச்சடித்த ஸ்பினல் விற்கிறார்கள், கண்ணாடிபோல இருக்குமாம்" என்று மருமகன் வந்து நின்றபோது, அது எவ்வளவு கண்ணாடி என்று பார்க்காமல் விட மனம் வரவில்லை.

முதல் துண்டிலிருந்து தொடங்குகிறேன். சுடாத வட்டு பார்ப்பதற்குப் பள்ளிக்கூடத்துச் சோக்கட்டி நிறம். நகத்தால் கீறினால் கோடு விழும். வேர்னியரில் அளந்தால் விட்டம் 15 மில்லிமீற்றர். சுட்ட வட்டை அளந்தால் 12. இரண்டும் ஒரே கோப்பிலிருந்து அச்சடித்தவை என்று பெட்டியோடு வந்த தாளில் இருக்கிறது. நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கினால் கனஅளவு ஏறக்குறையப் பாதியாகிவிடும். அந்தப் பாதி எங்கே போனது என்றால், அது ரெசின், எரிந்து போய்விட்டது. அச்சடிக்கும் குழம்பில் தூள் பாதி, ரெசின் பாதி என்ற அளவில்தான் கலக்க முடிகிறது. தூளைக் கூட்டினால் குழம்பு இறுகி அடுக்கு சமமாகப் படியாது. ரெசினைக் கூட்டினால் எரியும்போது துண்டு நொறுங்கும்.

அச்சு வேலை எளிது. குழம்பின்மேல் ஊதா ஒளியை ஒரு படமாகக் காட்டினால் ஒளி பட்ட இடம் இறுகும், தட்டு ஒரு அடுக்கு நகரும், அடுத்த படம். ஒரு அடுக்கு 25 முதல் 100 மைக்ரோன் (மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கலாம். என் பெட்டியில் இருப்பது 50. உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. ரெசினை எரிக்க 600 பாகை வரை மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே பிறக்கும் வாயு வெளியேற வழியில்லாமல் துண்டைப் பிளந்துவிடும். அதன்பின் 1500 பாகைக்கு மேல், பெரும்பாலும் வெற்றிடத்தில், சுடுகிறார்கள். கடைசியில் ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் ஆகன் வாயுவை ஏற்றி, அதே சூட்டில் நாலாபக்கமும் நசுக்குகிறார்கள். மிஞ்சிய நுண்குமிழ்கள் இந்த நசுக்கலில்தான் மூடுகின்றன.

குமிழ் ஏன் இவ்வளவு பெரிய எதிரி என்பதை ஹட்டனில் இருக்கிறவனுக்கு விளக்க அதிக நேரம் வேண்டாம். தண்ணீரும் தெளிவு, காற்றும் தெளிவு. இரண்டும் துளித்துளியாகக் கலந்து பனிமூட்டமாகிவிட்டால் எதிரே வரும் பஸ் தெரியாது. சுட்ட செரமிக்கின் உள்ளே மிஞ்சும் காற்றும் அந்த வேலையைத்தான் செய்கிறது: குமிழுக்குக் குமிழ் ஒளி சிதறி, கடைசியில் வெள்ளை. நாம் சோறு தின்னும் பீங்கான் வெள்ளையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கனஅளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு காற்று மிஞ்சினால்கூட வில்லைக்கு அது கூடுதல்தான்.

ஸ்பினலைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. கல் தொழில்காரர்களுக்கு அது தெரிந்ததே: அதன் படிகம் கனசதுர வகை. ஒளி எந்தத் திசையில் போனாலும் ஒரே ஒளிவிலகல் எண், அதாவது ஒரே அளவில்தான் வளையும். கோடிக்கணக்கான சிறு படிகங்கள் ஏறுமாறாகத் திரும்பிக் கிடந்தாலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டும்போது ஒளி தடுமாறாது. நீலக்கல்லின் பொருளான அலுமினாவுக்கு இந்த வசதி கிடையாது; அதற்கு இரட்டை விலகல், திசைக்குத் திசை எண் மாறும். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ரொபர்ட் கோபிள், துளியளவு மக்னீசியம் ஒட்சைட்டைச் சேர்த்தால் அலுமினாவிலிருந்து குமிழைக் கிட்டத்தட்ட முழுவதுமாக விரட்டலாம் என்று கண்டார். ஆனாலும் அது ஒளியைக் கசியவிட்டதே தவிர ஊடே பார்க்கவிடவில்லை. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தெருவில் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கின் உள்குழாய் அந்த அலுமினாதான். மலைப்பாதைப் பனிமூட்டத்தில் அந்த மஞ்சள் வெளிச்சத்தை நம்பி வண்டி ஓட்டியவர்கள் எல்லாரும் செரமிக் ஊடாக வந்த ஒளியில்தான் வீடு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

இனி இரண்டாவது துண்டு. மெருகேற்றிய வட்டை அன்றைய வீரகேசரிப் பத்திரிகையின்மேல் வைத்தேன். எழுத்துகள் துல்லியமாகத் தெரிந்தன. மருமகனுக்கு ஒரே சந்தோஷம். இதே படத்தைத்தான் எல்லா நிறுவனங்களும் விளம்பரத்தில் போடுகின்றன: தாளின்மேல் ஒட்டிக் கிடக்கும் வட்டு, அதனடியில் தெளிவான எழுத்து. இந்தப் படத்தை நம்பாதீர்கள். தாளோடு ஒட்டிக் கிடக்கும்போது ஓரளவு கலங்கிய துண்டுகூடத் தெளிவாகவே காட்டும். வட்டை விரல்நீளம் உயர்த்தினேன்; எழுத்தின் ஓரங்கள் கலங்கத் தொடங்கின. ஒரு சாண் உயர்த்தியதும் சிறிய எழுத்துகளில் புள்ளி எது, கொம்பு எது என்று பிரிக்கத் தயக்கமாக இருந்தது. பிறகு அறையை இருட்டாக்கி லேசர் பேனாவின் பச்சைக் கதிரை விளிம்பு வழியே விட்டோம். நல்ல தெளிவான ஸ்பினலில் கதிர் நுழையும் இடமும் வெளியேறும் இடமும் மட்டும் மின்னும். நடுவே ஒன்றும் தெரியாது. இதில் நடுவே மெல்லிய பச்சை இழை தெரிந்தது. உள்ளே சிதறல் இருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கூட வந்த தாளில் ஒளி எத்தனை சதவீதம் கடக்கும் என்று ஓர் எண் போட்டிருக்கிறார்கள். ஸ்பினலில் எவ்வளவு நல்ல துண்டானாலும், பூச்சு பூசாவிட்டால், இரு முகங்களிலும் பட்டுத் திரும்பும் ஒளி போக 87 சதவீதம்தான் மறுபக்கம் வரும். அவர்கள் எண் அதற்குச் சற்றுக் கீழே இருக்கிறது, நம்பக்கூடியதுதான். ஆனால் எத்தனை மில்லிமீற்றர் தடிப்பில், எந்த நிற ஒளியில், நேராகப் போகும் ஒளியை மட்டும் அளந்தார்களா, சிதறியதையும் கூட்டி அளந்தார்களா என்று ஒரு வார்த்தை இல்லை. துணி விற்பவன் முழம் சொல்லாமல் விலை சொன்னால் நாம் விடுவோமா?

பத்துமடங்கு பெரிதாக்கும் லூப்பில் பார்த்தால் அங்கங்கே ஊசிமுனை வெள்ளைப் புள்ளிகள். இயற்கைக் கல்லிலும் புள்ளி இருக்கும். அது தன் இஷ்டத்துக்குச் சிதறிக் கிடக்கும். இதில் புள்ளிகள் ஒரே தளத்தில் வரிசை பிடித்து நிற்கின்றன. ஏன் என்று அறிய வட்டை மெத்திலீன் அயடைட்டுக் கிண்ணத்தில் நிறுத்தி வைத்தேன். அந்தத் திரவத்தின் ஒளிவிலகல் எண் 1.74, ஸ்பினலுக்கு 1.718. இரண்டும் அவ்வளவு நெருக்கம் என்பதால் வட்டின் உருவம் திரவத்தில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. அப்போது பக்கவாட்டில் தெரிந்தவை: ஒன்றுக்கொன்று இணையாக, சம இடைவெளியில், பார்வையைக் கூர்மையாக்கினால் மட்டும் பிடிபடும் மெல்லிய கோடுகள். அச்சின் அடுக்குகள். அடுக்கும் அடுக்கும் சேரும் இடத்தில் தூள் கொஞ்சம் ஐதாக விழுந்திருக்கிறது. சூளையும் அழுத்தமும் அதை முழுதாக அடைக்கவில்லை. வட்டின் முகத்தை நேராகப் பார்த்தால் இது தெரியாது. பக்கவாட்டில் ஒளி போகும்படி இதை ஒரு கருவியில் வைத்தால் தெரியும். வாங்குகிறவர்கள் எந்தத் திசையில் அச்சடித்தது என்று கேட்டு வாங்குங்கள்.

இப்போது கல் வியாபாரிகளுக்கான பகுதி. ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ரிப்ராக்டோமீற்றரில் வட்டு 1.718 காட்டியது. இரட்டை விலகலைக் காட்டிக்கொடுக்கும் போலரிஸ்கோப்பில் எப்படித் திருப்பினாலும் இருட்டு. தண்ணீரில் தொங்கவிட்டு நிறுத்ததில் அடர்த்தி 3.58. இந்த மூன்று எண்ணையும் எந்தப் பழைய தரகரிடம் சொன்னாலும் "நல்ல ஸ்பினல்" என்றுதான் சொல்வார். வேர்னோயின் சுவாலை முறையில் வளர்த்த செயற்கை ஸ்பினலை நாம் இத்தனை காலம் எப்படிப் பிடித்தோம்? அதில் அலுமினா வேண்டியதைவிட அதிகம். அதனால் எண் 1.728க்கு ஏறிவிடும். போலரிஸ்கோப்பில் பூனைத்தோல் வரிபோல இருளும் வெளிச்சமும் நெளியும். அச்சடித்த செரமிக்கில் கலவை சரியான விகிதத்தில் இருப்பதால் இந்த இரண்டு பொறியிலும் அது விழவில்லை.

இதற்காக யாரும் இன்றே பயப்பட வேண்டாம். முழுதும் நிறமற்ற ஸ்பினல் இயற்கையில் மிக அபூர்வம்; அப்படி ஒன்றை யாராவது நீட்டினாலே சந்தேகம் வரவேண்டும். இன்றைக்குள்ள செலவில் இதைப் போலிக் கல்லாக விற்பவன் நட்டப்படுவான். ஆனால் செரமிக் தூளில் நிறம் கலப்பது பெரிய வித்தை இல்லை, விலையும் இப்படியே இருக்கப்போவதில்லை. மேசைமேல் உள்ள மூன்று கருவியை மட்டும் நம்பி விலைபேசுகிற பழக்கத்தை விட்டுவிட்டு, பெரிய கல்லென்றால் இரத்தினக்கல் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். மண்ணில் பிறந்த ஸ்பினலில் துத்தநாகமும் கேலியமும் சுவடாகவேனும் இருக்கும். சுத்தத் தூளில் செய்ததில் அவை இருக்க வழியில்லை. அதைப் பார்க்கும் கருவி என் மாடியில் இல்லை.

மூன்றாவது துண்டுக்கு வருகிறேன். எனக்கு வேலை வைத்த துண்டு, எனக்குப் பிடித்த துண்டும் அதுதான்.

சூளையிலிருந்து வந்தபடியே இருக்கும் இந்த வில்லையைக் கையில் எடுத்தால் ஊடே எதுவும் தெரியாது. உறைபனி விழுந்த ஜன்னல் மாதிரி மங்கல். குவிந்த முகத்தில் நகத்தை ஓட்டினால் படிகள் தட்டுப்படும். வளைவை 50 மைக்ரோன் அடுக்குகளால் கட்டினால் அது வளைவாக வராது, படிக்கட்டாகத்தான் வரும். சுருங்கிய பிறகு படியின் உயரம் 40 மைக்ரோன். ஒளியின் அலைநீளமோ அரை மைக்ரோன். அந்தப் படிக்கட்டில் ஏறும் ஒளி நேராகப் போகும் என்று எதிர்பார்ப்பது வீண்.

குழலை, வெட்டும் கல்லைப் பிடிக்கும் டொப் குச்சியில் அரக்கால் ஒட்டினேன். காலைக் குளிரில் ஹட்டனில் அரக்கு எதையும் பிடிக்காது. கல்லையும் சேர்த்து ஸ்பிரிட் விளக்கில் இளஞ்சூடாக்கினால்தான் பிடிக்கும். செரமிக் வெடிக்குமோ என்று மருமகன் பதறினான். வெடிக்கவில்லை. கரடுமுரடான வைரத்தூளில் படிகளைத் தேய்த்து எடுத்தபின், செம்புத் தட்டில் 3 மைக்ரோன், பிறகு 1 மைக்ரோன். வெட்டும்போது கையில் உணர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நீலக்கல்லில் ஒரு திசையில் தட்டு ஓடும், இன்னொரு திசையில் மல்லுக்கு நிற்கும். எந்தக் கல்வெட்டியும் கையாலேயே அந்தத் திசையைத் தேடித் திருப்பிக்கொள்வான். இந்தத் துண்டுக்குத் திசையே இல்லை. எப்படித் திருப்பினாலும் ஒரே ஓசை, ஒரே இழுவை. ஆரம்பத்தில் சுகமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அலுப்பாகவும் இருந்தது.

1 மைக்ரோனில் முகம் மின்னத் தொடங்கியது. லூப்பை வைத்துப் பார்த்தேன், தோடம்பழத் தோல். ஒவ்வொரு சிறு படிகமும் வெவ்வேறு பக்கம் திரும்பிக் கிடப்பதால் ஒன்று ஒரு மயிரிழை அதிகமாகத் தேய்கிறது, அடுத்தது குறைவாகத் தேய்கிறது. இங்கே அழுத்தினால் காரியம் கெடும். அழுத்தினால் தனிப் படிகம் ஒன்று பிய்ந்து குழி விழும். அரை மைக்ரோன் பசையோடு ஈயத் தட்டுக்கு மாறி, விரலின் பாரத்தை மட்டும் வைத்து, தட்டை மெதுவாக ஓடவிட்டேன். தோடம்பழத் தோல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. முகம் திறந்தது. மாடி ஜன்னலுக்கு வெளியே இருந்த தேயிலைச் சரிவு அந்த முகத்தில் சிறிதாக வந்து நின்றதைப் பார்த்து மருமகன் கைதட்டினான்.

ஆனால் பாதி வழிதான் வந்திருக்கிறோம். வில்லைக்கு இரண்டு முகம். பின்முகம் குழலின் அடியில் இருக்கிறது. அங்கே என் தட்டு போகாது. குச்சி போகும், குச்சிமுனையில் தோலைக் கட்டிப் பசை தடவித் தேய்த்துப் பார்த்தேன். மின்னியது, ஆனால் மின்னுவது வேறு, வில்லையின் வளைவு கெடாமல் மெருகேறுவது வேறு. குழலின் சுவருக்குள் ஓடும் நீர்வழியைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதன் உட்சுவர் சூளை விட்டபடியே மங்கலாக இருக்கிறது, அப்படியே இருக்கும்.

இந்தப் பொருளில் நான் காணும் முடிச்சு இதுதான். தட்டையான வட்டுக்கு அச்சு இயந்திரம் தேவையே இல்லை. தூளை அச்சில் அழுத்திச் சுட்டால் போதும், அல்லது செயற்கை நீலக்கல்லை வெட்டிக்கொள்ளலாம், அது மலிவு, ஸ்பினலைவிடக் கடினமும்கூட. அச்சடிப்பதற்கு ஒரே நியாயம், கையும் வெட்டும் கருவியும் போகாத வடிவம். கை போகாத இடத்துக்கு மெருகும் போகாது. செரமிக்கைச் சூட்டால் தெளிவாக்கலாம், முகத்தை மட்டும் சூட்டால் மெருகேற்ற முடியாது. கண்ணாடிக்கு அந்த வரம் உண்டு. இளகும்போது அதன் முகம் தானாகவே வழுவழுப்பாகும். ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூ ஆய்வாளர்கள் 2017இல் அச்சடித்த சிலிக்காக் கண்ணாடியை 1300 பாகையில் சுட்டுக் காட்டினார்கள். அந்த வழியில் மெருகுப் பிரச்சினையை ஓரளவு சமாளிக்கலாம். ஸ்பினல் 2135 பாகையில் உருகும் வரைக்கும் திண்மமாகவே நிற்கும், இளகாது. அதன் உறுதியே இங்கே அதற்கு எதிரி. விற்பனைத் தாளில் "சிக்கலான வடிவங்கள்" என்று பெருமையாகப் போட்டவர்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் நான் மரியாதை கொடுத்திருப்பேன்.

அப்படியென்றால் இந்தத் தொழில்நுட்பமே வீணா என்று மருமகன் கோபித்துக்கொண்டான். வீணில்லை. வெளியே எளிய வடிவம், உள்ளே கலவையில் வித்தியாசம் என்று வேண்டிய இடத்தில் அச்சுக்கு நிகர் இல்லை. 1995இல் ஜப்பானில் அகியோ இகேசுவே நியோடைமியம் கலந்த யாக் (இற்றியமும் அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்த கார்னெட்) செரமிக்கிலிருந்து நல்ல லேசர் எடுத்துக் காட்டிய பிறகு, தனிப் படிகம்தான் வேண்டும் என்ற பிடிவாதம் போய்விட்டது. இப்போது கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் இரண்டு வகைப் பசையை ஊசிமுனையால் பிழிந்து, நடுவில் நியோடைமியம் கலந்ததும் சுற்றிலும் கலக்காததுமாக ஒரே துண்டைச் செய்திருக்கிறார்கள். சுட்டபிறகு முனைகளை மெருகேற்றினால் போதும். முனை வெளியே இருக்கிறது, தட்டு போகும். அந்த வேலைக்கு நானும் கைதட்டுவேன். அச்சில்லாத பழைய வழியிலும் செரமிக் வில்லை கடைக்கு வந்து பல காலமாகிறது: 2004இல் கசியோ வெளியிட்ட எக்ஸிலிம் எஸ்100 என்ற மெல்லிய கமராவுக்குள் முராட்டா நிறுவனத்தின் செரமிக் வில்லை இருந்தது, ஒளிவிலகல் எண் 2.08. கண்ணாடியைவிட அதிகமாக ஒளியை வளைத்ததால்தான் கமராவை அவ்வளவு மெல்லியதாகச் செய்ய முடிந்தது.

தேயிலைத் தொழிற்சாலைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. டிக்கோயாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மின்திருத்துநராக இருக்கும் நண்பர், உலர்த்தியின் சூட்டைத் தூர நின்று அளக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கிக்கு முன்னால் வைக்க இந்த வட்டு உதவுமா என்று கேட்டார். இருக்கிற பாதுகாப்புத் தகடு தூசியில் கீறிப்போகிறதாம். வைத்துப் பார்த்தோம். துப்பாக்கி உலர்த்தியின் சூட்டைக் காட்டவில்லை, வட்டின் சூட்டைக் காட்டியது. காரணம் எளிது: ஸ்பினல் அகச்சிவப்பில் ஐந்தரை மைக்ரோன் அளவுவரைதான் வழிவிடும், கடையில் கிடைக்கும் துப்பாக்கிகள் பார்ப்பது 8 முதல் 14 வரை. 3 முதல் 5 மைக்ரோனில் வேலை செய்யும் கமராக்களுக்குத்தான் இது ஜன்னல். இராணுவத்தார் இதன்பின்னால் அலைவது அதனால்தான். தூளின் ஈரத்தை அளக்கும் கருவிகள் நீர் உறிஞ்சும் 1.45, 1.94 மைக்ரோன் பகுதிகளைப் பார்ப்பவை. அங்கே ஸ்பினல் நன்றாக வேலை செய்யும். ஆனால் சாதாரணக் கண்ணாடியும் அங்கே வழிவிடுகிறது. ஸ்பினலால் கிடைக்கும் இலாபம் கடினம் மட்டும்: மோ அளவுகோலில் கண்ணாடிக்குக் கடினம் ஐந்தரை, மண்தூசியில் இருக்கும் குவார்ட்ஸுக்கு 7, ஸ்பினலுக்கு 8. தூசியால் கீறாத ஜன்னல் வேண்டுமானால் செயற்கை நீலக்கல் வட்டு வாங்குங்கள் என்று நண்பரை அனுப்பிவைத்தேன். எனக்கு ஒரு சதமும் மிஞ்சாத ஆலோசனை.

பொதி கட்டிய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று துண்டும் ஒட்டும் பசைத்தாளில் அசையாமல் வந்தன. கடிதத்துக்குப் பதில் உடனே வருகிறது. ஆனால் தடிப்பைக் கேட்டால் வாழ்த்து அனுப்புகிறார்கள். ஒளியியல் ஆய்வுகூடத்துக்கு இந்தப் பெட்டியை வாங்கலாம். சுடாத வட்டையும் சுட்ட வட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே மாணவர்களுக்கு ஒரு பாடம் நடந்துவிடும். கருவி செய்கிறவர்கள் பெட்டியை விட்டுவிட்டு, தங்கள் வடிவத்தையே அனுப்பி, அடுக்கின் திசையையும் தடிப்போடு கூடிய ஒளி அளவையும் எழுத்தில் கேட்டு, ஒரு துண்டு மட்டும் செய்விக்கட்டும். மெருகேற்ற வேண்டிய முகங்கள் எல்லாம் வெளிப்பக்கம் இருக்கும்படி வரைந்து அனுப்புங்கள். அது முடியாவிட்டால் வில்லையையும் குழலையும் தனித்தனியாகச் செய்து ஒட்டுங்கள், ஒரே துண்டு என்ற ஆசையை விடுங்கள்.

மருமகன் அடுத்தபடியாக யாக் மாதிரி கேட்டு எழுதியிருக்கிறான். அதன் ஒளிவிலகல் எண் 1.83, என் ரிப்ராக்டோமீற்றர் 1.81க்கு மேல் வாசிக்காது. ஆனால் தட்டு தேய்க்கும். யாராவது இப்படி ஒரு துண்டை வைத்துக்கொண்டு மெருகேற்ற ஆள் தேடினால் ஹட்டனுக்குக் கொண்டு வரலாம். வெளிமுகத்துக்குக் கூலி நீலக்கல்லுக்கு வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவு. குழலுக்குள் இருக்கும் முகத்துக்கென்று வருகிறவர்களுக்குத் தேநீர் மட்டும் கிடைக்கும்.